முப்பதில் பாதி

மாசி, பங்குனி மாதங்களில் வடநெம்மேலி முதலைப் பண்ணையின் மணல் மேடுகளில் இரவோடு இரவாக ஒரு வேலை நடக்கும். பகலெல்லாம் கல்லாய்க் கிடந்த சதுப்பு முதலை மேட்டில் ஏறி, பின்னங்கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கும். உள்ளே இருபத்தைந்து, முப்பது முட்டைகளை இட்டு, மூடி, மட்டம் தட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கும். ஆனாலும் குழியை மறப்பதில்லை. குஞ்சுகள் உள்ளிருந்து குரல் கொடுக்கும் நாள்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், அருகிலேயே காவல் கிடக்கும்.

அந்த இரவில் குழியிலுள்ள முட்டைகளில் எது ஆண், எது பெண் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. உலகின் மிகச் சிறந்த மரபணு ஆய்வகத்துக்கு ஒரு முட்டையை அனுப்பினாலும் பதில் வராது. கருவி போதாது என்பதல்ல காரணம். விஷயமே இன்னும் முடிவாகவில்லை. கோழி முட்டை என்றால் ஓடு மூடுவதற்கு முன்பே உள்ளே முடிவு எழுதப்பட்டிருக்கும். மனிதக் கரு என்றால் விந்தணு நுழைந்த நொடியிலேயே. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்தக் குழியின் மணல், வரப்போகும் வாரங்களில் முடிவு செய்யும்.

இந்த அத்தியாயம் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு அதிக தூரம் போகாது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம்தான். ஆனால் ஒரு உயிர் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவதற்கு இயற்கை கண்டுபிடித்த வழிகளில் பல இந்தக் கரையிலேயே கிடக்கின்றன. அவற்றை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், பாடப்புத்தகம் ஒன்றாகக் குழைத்துத் தரும் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஆண், பெண் என்ற பிரிவு ஒன்று. குரோமோசோம்களைப் பாதியாக்கி மறுபடி சேர்ப்பது இன்னொன்று. முதலாவது இனத்துக்கு இனம் மாறும். இரண்டாவது அநேகமாக மாறுவதே இல்லை.

பாதியாக்குவதிலிருந்தே தொடங்கலாம்.

சதுப்பு முதலையின் ஒவ்வொரு உடல் செல்லிலும் முப்பது குரோமோசோம்கள் உண்டு. தோல் செல்லிலும் முப்பது, ஈரல் செல்லிலும் முப்பது. இவை முப்பது தனித்தனிப் பொருள்கள் அல்ல, பதினைந்து ஜோடிகள். ஒரே சமையல் குறிப்பை இரண்டு வீட்டுப் பாட்டிகள் தனித்தனி நோட்டுகளில் எழுதி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து நோட்டுகள் தந்தை வழி வந்தவை, பதினைந்து தாய் வழி வந்தவை. மூன்றாம் நோட்டின் பத்தாம் பக்கத்தில் இரண்டிலும் புளிக்குழம்புதான் இருக்கும். ஒன்றில் நான்கு மிளகாய், இன்னொன்றில் ஆறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியே விந்தணுவுக்கும் முப்பது, முட்டைக்கும் முப்பது என்று கொடுத்துவிட்டால் குஞ்சுக்கு அறுபதாகும், பேரனுக்கு நூற்றிருபதாகும். பத்தாவது தலைமுறையில் முப்பதாயிரத்தைத் தாண்டும். ஆகவே எங்கோ ஓரிடத்தில் பாதியாக வேண்டும் என்று 1880-களிலேயே ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்குச் சற்று முன்னால், 1883-ல், பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனடன் குதிரையின் குடலில் வாழும் உருண்டைப் புழுவை நுண்ணோக்கியில் வைத்து, அதன் முட்டையிலும் விந்தணுவிலும் சரிசமமாக இரண்டிரண்டு குரோமோசோம்கள் இருப்பதையும் சேர்ந்ததும் நான்காவதையும் கண்டிருந்தார். தந்தையும் தாயும் சமமாகத் தருகிறார்கள் என்பது கண்ணால் காணப்பட்ட உண்மையானது அப்போதுதான். அதுவரை விதை ஒருவருடையது, நிலம் மற்றவருடையது என்றே உலகின் பெரும்பகுதி நம்பிக்கொண்டிருந்தது. இன்றும் பேச்சில் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை.

பாதியாக்கும் வேலைக்கு நம் பாடநூல்களில் குன்றல் பிரிவு என்று பெயர். அது நடக்கும் விதம் சற்று விசித்திரமானது. பாதியாக வேண்டிய செல், முதல் காரியமாகத் தன் குரோமோசோம்கள் அத்தனையையும் நகல் எடுத்துக்கொள்கிறது. குறைக்க வேண்டிய இடத்தில் முதலில் இரட்டிப்பாக்குகிறது. நகலும் மூலமும் நடுவில் ஒட்டியபடியே இருக்கும். பிறகு, தந்தை வழி வந்த முதல் குரோமோசோம் தாய் வழி வந்த முதல் குரோமோசோமைத் தேடிப் பிடிக்கிறது. இரண்டாவது இரண்டாவதை, மூன்றாவது மூன்றாவதை. நெருக்கடியான அந்தச் சின்ன உட்கருவுக்குள் ஒவ்வொன்றும் தன் இணையைக் கண்டுபிடித்து, நுனி முதல் நுனி வரை, ஜிப் போட்டது போலப் பக்கத்தில் பக்கமாகப் பொருந்திக்கொள்கின்றன.

உயிரியலில் இதைவிட அழகான காட்சி குறைவு. ஏனென்றால் அடுத்து நடப்பது பரிமாற்றம். இரண்டு நோட்டுகளிலும் ஒரே பக்கத்தில், ஒரே வரியில் கிழிசல் விழுகிறது. கிழிந்த பாகங்கள் இடம் மாறி ஒட்டப்படுகின்றன. குறுக்கேற்றம் என்று இதைச் சொல்கிறார்கள். முன்பாதி ஒரு பாட்டியின் கையெழுத்து, பின்பாதி மற்றப் பாட்டியின் கையெழுத்து என்று, அதற்கு முன் உலகில் எங்கும் இல்லாத நோட்டு ஒன்று உருவாகிறது. எல்லா ஜோடிகளிலும் குறைந்தது ஓரிடத்திலாவது பெரும்பாலும் இது நடந்துவிடும். நடந்தாக வேண்டும், ஏனென்றால் அந்த முடிச்சுதான் ஜோடிகளைச் சரியான நேரம் வரும்வரை பிரியாமல் பிடித்து வைக்கிறது. பிறகு ஜோடிகள் பிரிந்து எதிரெதிர்த் திசைகளில் போகின்றன. அதன் பின் இரண்டாவது பிரிவில் நகலும் மூலமும் பிரிகின்றன. ஒரு செல்லிலிருந்து நான்கு, ஒவ்வொன்றிலும் பதினைந்து.

எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி இல்லை. பதினைந்து ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமலே ஒரு முதலை 32,768 வகையான விந்தணுக்களை உண்டாக்க முடியும். இருபத்துமூன்று ஜோடிகள் கொண்ட மனிதருக்கு அந்த எண் 83,88,608. மாமல்லபுரம் கடலில் நீந்தும் பங்குனி ஆமைக்கு ஐம்பத்தாறு குரோமோசோம்கள். இருபத்தெட்டு ஜோடிகள் என்றால் இருபத்தாறு கோடியைத் தாண்டிவிடும். குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் எண்ணிப் பயனில்லை. ஒரே குழியில் கிடக்கும் நூறு முட்டைகளில் இரண்டு ஒன்றுபோல இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆண் உடலில் அந்த நான்கு செல்களும் வால் முளைத்து விந்தணுக்களாகின்றன. பெண் உடலில் கணக்கு வேறு. நான்கில் ஒன்றுதான் முட்டையாகும். சேமிப்பு உணவு முழுவதும் அதற்கே போய்ச் சேரும். மற்றவை துருவ அணுக்கள் என்ற பெயரில், குரோமோசோம் மட்டுமே மிஞ்சிய சிறு பொட்டலங்களாக ஒதுங்கி அழிந்துவிடும். அழியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இதே அத்தியாயத்தில் பின்னால் ஒரு முதலை காட்டும்.

இவ்வளவு நுட்பமாகப் பதினைந்தும் பதினைந்தும் சேர்ந்த பிறகும் வடநெம்மேலி முட்டைக்குத் தான் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. காரணம் எளிது. முதலைக்குப் பால் குரோமோசோம் என்று ஒன்று கிடையாது. ஆண் முதலையின் பதினைந்து ஜோடியையும் பெண் முதலையின் பதினைந்து ஜோடியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

இந்தப் பண்ணையை ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கியபோது நோக்கம் அழிவின் விளிம்பிலிருந்த முதலைகளைக் காப்பாற்றுவதுதான். தோலுக்காக வேட்டையாடப்பட்டு நாட்டின் ஆறுகளில் முதலை அருகிப் போயிருந்த காலம் அது. பண்ணையில் அவை பெருகின. இங்குள்ள பெண் முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடுவதும் பதிவானது. ஆராய்ச்சிக்கு முட்டைகள் தாராளமாகக் கிடைத்தன. அமெரிக்காவின் ஜெஃப்ரி லாங், பண்ணையின் ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் சதுப்பு முதலை முட்டைகளை வெவ்வேறு நிலையான வெப்பங்களில் அடைகாக்க வைத்து, முடிவை 1989-ல் வெளியிட்டார்கள்.

28 டிகிரி செல்சியஸிலிருந்து 31 டிகிரி வரை வைத்த முட்டைகளிலிருந்து வந்தவை அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் வந்தவை அத்தனையும் ஆண். இடைப்பட்ட 31.5, 32 டிகிரிகளில் இரண்டும் கலந்து வந்தன. இன்னும் சூடு கூடி 33 ஆனதும் பெண்கள் மறுபடி தலைகாட்டின. ஒன்றரை டிகிரி என்பது காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கும்போது சந்தேகம் வரும் அளவு. அந்த அளவில் ஒரு குழியின் குஞ்சுகள் அத்தனையும் பெண்ணிலிருந்து ஆணாக மாறிவிடுகின்றன.

ஊர்வனவற்றில் வெப்பம் பாலைத் தீர்மானிக்கும் என்பதை முதலில் கவனித்தவர் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சுப் பெண் அறிவியலாளர். 1966-ல், செனகல் நாட்டின் டக்கார் நகரில், ஒரு வகை ஓணானின் முட்டைகளில் கண்டார். பல ஆண்டுகள் அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பால் என்றால் குரோமோசோம் என்று அறிவியல் அந்த அளவுக்கு உறுதியாக நம்பியிருந்தது. 1982-ல் அமெரிக்க அலிகேட்டரிலும் அதே விஷயம் உறுதியான பிறகே நிலைமை மாறியது.

மணலின் சூடு குஞ்சின் உடலில் எதைத் தொடுகிறது? கருவளர்ச்சியின் நடு மூன்றில் ஒரு பங்குக் காலத்தில், சிறுநீரகத்தை ஒட்டி ஒரு சிறு திசு மேடு உருவாகும். அது சூலகமாகவும் ஆகலாம், விந்தகமாகவும் ஆகலாம். அந்தச் சில வாரங்களின் சூடுதான் எந்த மரபணுக்கள் விழிக்க வேண்டும், எவை உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. சிவப்புக் காது ஆமை என்ற நன்னீர் ஆமையில் இதன் ஒரு முக்கியக் கண்ணியை 2018-ல் கண்டுபிடித்தார்கள். குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் ஒரு நொதி, விந்தகத்தை உருவாக்கும் மரபணுவைச் சுற்றியிருக்கும் பூட்டை அவிழ்த்துவிடுகிறது. சூடான முட்டையில் அந்த நொதி அடங்கியிருக்கும், பூட்டு பூட்டியபடியே கிடக்கும், திசு சூலகமாகும். மரபணுக்கள் இரு பாலிலும் அவையேதான். எதைப் படிப்பது என்பது மட்டும் வேறு.

முதலைப் பண்ணையின் மதிலைத் தாண்டினால் கடல். தை மாதத்திலிருந்து சித்திரை வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. மாதத்தின் பெயரையே மீனவர்கள் ஆமைக்கு வைத்துவிட்டார்கள். ஒரு குழியில் நூறுக்குக் கூடவே முட்டைகள் இருக்கும். 1970-களின் தொடக்கத்திலிருந்தே விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் நடந்து இந்த முட்டைகளைத் தேடிக் காத்தார்கள். 1988-லிருந்து சென்னைக் கரையில் மாணவர்கள் அந்த நடையைத் தொடர்ந்து வருகிறார்கள். இங்கும் பால் குரோமோசோம் இல்லை, மணல்தான் தீர்மானிக்கிறது. ஆனால் திசை நேரானது: குளிர்ந்த மணலில் ஆண், சூடான மணலில் பெண். 29 டிகிரிக்கும் 31 டிகிரிக்கும் இடையே எங்கோ தராசு சமமாக நிற்கிறது. ஆகவே தை மாதத்து ஈர மணலில் இட்ட குழிக்கும் பங்குனி வெயிலில் இட்ட குழிக்கும் பிள்ளைகளின் கணக்கு ஒன்றாக இருக்காது. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கும்போது நிழல் வலை கட்டுவது, ஆழத்தைக் கவனிப்பது இவையெல்லாம் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற கேள்வியில் போய் முடிகின்றன.

உலகம் சூடாகிக்கொண்டிருக்கும் காலத்தில் இது வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியல்ல. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வட பகுதியில் பச்சை ஆமைகளை ஆராய்ந்தவர்கள், இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018-ல் அறிவித்தார்கள். பெண்கள் கூடினால் முட்டை கூடும், கொஞ்ச காலத்துக்கு நல்லதாகவே தோன்றும். ஆண் அருகிப்போகும் நாள் மெல்ல வரும். நம் கரையிலோ ஆமைகளுக்கு அதற்கும் முன்பாகவே ஆபத்து காத்திருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாது. முட்டையிட வந்த காலத்தில் மூழ்கிச் செத்த ஒவ்வொரு தாயோடும் பல நூறு முட்டைகள் போய்விட்டன.

பண்ணையின் வளாகத்திலேயே இன்னொரு நிறுவனம் உண்டு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுத்து, நஞ்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். எடுத்து முடிந்ததும் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் இந்தக் கலைக்காக 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின் வாலை வைத்தே ஆண், பெண் அடையாளம் காண முடியும். ஆண் பாம்பின் வால் அடிப்பகுதி பருத்து, வால் நீண்டிருக்கும், அதன் இனப்பெருக்க உறுப்புகள் வாலுக்குள்தான் மடங்கிக் கிடக்கின்றன.

முதலைக்குப் பக்கத்துச் சுவரில் வாழ்ந்தாலும் பாம்பு மணலின் சூட்டைக் கேட்பதில்லை. நல்லபாம்புக்கு முப்பத்தெட்டு குரோமோசோம்கள். அவற்றில் ஒரு ஜோடி பாலுக்குரியது. மனிதரில் ஆணுக்குத்தான் ஜோடி பொருந்தாது, ஒரு பெரிய எக்ஸ், ஒரு சிறிய ஒய். பாம்பில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பொருத்தமான ஜோடி. பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும், ஏன், நம் வீட்டுக் கோழிக்கும் இதே ஏற்பாடுதான். இவற்றில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயின் முட்டை. கட்டுவிரியனில் இது இன்னும் சிக்கலாகி, பெண்ணுக்கு ஆணைவிட ஒரு குரோமோசோம் குறைவாகவே இருக்கிறது. இதை 1970-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கண்டவர்களில் ஒருவர் லால்ஜி சிங் என்ற இளம் ஆய்வு மாணவர்.

அந்த இளைஞர் பாம்பின் டபிள்யூ குரோமோசோமை விடவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட இன்னொரு வகைக் கட்டுவிரியனின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்தார். பெண் பாம்பின் டபிள்யூவில் ஒரே சிறு தொடர் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. நான்கு எழுத்து, மறுபடி அதே நான்கு எழுத்து. ஆசிரியர் தண்டனையாக எழுதச் சொன்ன பக்கம் போல. அந்தத் தொடர் மனிதரிலும் சிதறிக் கிடக்கிறது என்பதும், எங்கெங்கே எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்குத் திரும்பிய லால்ஜி சிங், பாம்பின் அந்தத் தொடரையே கொக்கியாக வைத்து இந்தியாவின் மரபணுக் கைரேகை முறையை உருவாக்கினார். 1991 மே 21 இரவு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் கொலையாளிகளின் உடல்களை அடையாளம் காண அவருடைய ஆய்வகத்தின் உதவி தேவைப்பட்டது. ஒரு பாம்பு எப்படிப் பெண்ணாகிறது என்ற கேள்விக்கு அன்று யாரும் பெரிய பயனைக் கண்டிருக்க மாட்டார்கள்.

பாம்புகள் எல்லாமே இசட், டபிள்யூ முறைதான் என்று அரை நூற்றாண்டு பாடநூல்கள் எழுதின. 2017-ல் அதிலும் திருத்தம் வந்தது. மியான்மர் மலைப்பாம்பையும் ஒரு போவா பாம்பையும் ஆராய்ந்தபோது, அவற்றில் நம்மைப் போல எக்ஸ், ஒய் முறை இருப்பது தெரிந்தது. பரிணாமம் இந்தச் சாவியை எத்தனை முறை மாற்றிப் போட்டிருக்கிறது என்பதற்கு ஒரே ஊர்வனக் குலமே போதுமான சாட்சி.

வடக்கே சில கிலோமீட்டர் போனால் முட்டுக்காடு. உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் அங்கே இருக்கிறது. கொடுவா மீனைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வைப்பதில் இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்டது அங்கேதான், 1997-ல். கொடுவாவைப் பொறுத்தவரை ஆண் தனி, பெண் தனி என்ற பேச்சே பொருந்தாது. பெரும்பாலும் ஒவ்வொரு மீனும் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் விந்தணு தருகிறது. நான்கு கிலோவைத் தாண்டி வளரும் காலத்தில் விந்தகம் கரைந்து சூலகம் உருவாகிறது, அன்றிலிருந்து அதே மீன் முட்டையிடுகிறது. ஆகவே தாய்த் தொட்டியில் மீன்களைச் சேர்ப்பவர்கள் எடையையும் வயதையும் பார்த்துத்தான் ஆண், பெண் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. விந்தணு உண்டாக்க உடல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. முட்டைக்கு இடமும் உணவும் வேண்டும், பெரிய மீனே லட்சக்கணக்கில் சுமக்க முடியும். சிறு வயதில் தந்தை, பெருத்த பின் தாய். கொடுவாவுக்கு அதுவே லாபம்.

இந்த மாற்றத்தில் கொடுவாவின் நாற்பத்தெட்டு குரோமோசோம்களில் ஒன்றுகூட மாறுவதில்லை. ஆணாக இருந்தபோது அவற்றை இருபத்துநான்காகப் பிரித்து விந்தணுவில் வைத்தது. பெண்ணான பின் அதே நாற்பத்தெட்டை அதே விதமாக இருபத்துநான்காகப் பிரித்து முட்டையில் வைக்கிறது. பால் என்பதும் பாதியாக்கல் என்பதும் வேறு வேறு என்று முன்னால் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உயிர் இந்தக் கரையில் இல்லை.

பாதியாக்காமலே சமாளிக்கும் ஒன்றும் இங்கே உண்டு. மழைக்காலத்தில் குளியலறைத் தரையிலும் பூந்தொட்டி மண்ணிலும் மண்புழுவைப் போல நெளியும், கறுத்து மினுங்கும் புழுப்பாம்பு. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, நஞ்சு இல்லை, எறும்பு முட்டையும் கரையான் முட்டையும் தின்று வாழ்வது. பயத்தில் துடைப்பத்தால் அடித்துவிடுகிறார்கள், பாவம். உலகில் இதுவரை பிடிபட்ட புழுப்பாம்புகள் அத்தனையும் பெண். ஆண் துணையில்லாமல் முட்டையிட்டு, தன்னைப் போன்ற பெண்களையே பெற்றுக்கொள்கிறது. ஆணே இல்லாமல் நிரந்தரமாக வாழும் பாம்பினம் என்று அறியப்பட்டது இது ஒன்றுதான். இதுவரை பார்த்த உயிர்களுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம் என்றால் இதற்கு மூன்று. மூன்றைச் சரிபாதியாக்க முடியாது, இது ஆக்குவதும் இல்லை. தொட்டிச் செடியோடு ஒரே ஒரு பாம்பு கப்பலேறினால் போதும், போய் இறங்கும் நாட்டில் ஒரு குடும்பம் தொடங்கிவிடும். அப்படியே ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் பரவிவிட்டது.

முதலைக்கும் அந்த வழி முற்றிலும் அடைபட்டதல்ல. கோஸ்டா ரிக்காவில் பதினாறு ஆண்டுகள் தனியாகவே வாழ்ந்த ஒரு பெண் அமெரிக்க முதலை 2018-ல் பதினான்கு முட்டைகள் இட்டது. ஒன்றில் முழு வளர்ச்சியடைந்த குஞ்சு உயிரற்றுக் கிடந்தது. அதன் மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே வந்தது என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. அழிந்துபோயிருக்க வேண்டிய துருவ அணு ஒன்று, விந்தணுவின் இடத்தில் முட்டையோடு சேர்ந்துவிட்டது. பாதியும் பாதியும் சேர்ந்தன, இரண்டு பாதியும் ஒரே வீட்டுடையவை.

இனி மனிதர். 1923-லிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதருக்கு நாற்பத்தெட்டு குரோமோசோம் என்று உலகம் முழுவதும் கற்பிக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தவர்களும் நாற்பத்தெட்டையே கண்டார்கள். 1956-ல் ஜோ ஹின் டியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் நாற்பத்தாறுதான் என்று நிறுவினார்கள். பால் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதோ அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாவுப்புழுவின் செல்களில் குரோமோசோம்களை எண்ணினார். பெண் புழுவில் இருபதும் பெரியவை. ஆணில் பத்தொன்பது பெரியவை, ஒன்று சிறியது. ஆணின் விந்தணுக்களில் பாதி சிறியதைச் சுமக்கும், பாதி பெரியதைச் சுமக்கும். எது முட்டையை அடைகிறதோ அதுவே பிள்ளையின் பாலைத் தீர்மானிக்கும். மனிதரிலும் அப்படியே. ஒய் குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு மரபணுதான் ஆணாகும் பாதையைத் திறக்கிறது என்பது 1990-ல் உறுதியானது.

தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் மட்டுமே தரும். வேறு எதையும் தர அதனிடம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் அறிந்த இந்த ஒரு வரி, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் உறவினர் பலரிடம் இன்னும் போய்ச் சேரவில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைச் சொல்லும் மாமியார்கள் இருக்கிறார்கள். இரண்டாம் கல்யாணம் பேசியவர்கள் இருந்தார்கள். பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது. கருவின் பாலைச் சொல்வதையே 1994-ல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. பழி சுமந்த பெண்களுக்கு அந்த விஷயத்தில் செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. பெண் பாம்பாகவோ பெட்டைக் கோழியாகவோ இருந்திருந்தால் அந்தப் பேச்சில் குறைந்தபட்சம் கணக்காவது சரியாக இருந்திருக்கும். இதைச் சொல்வதால் பழியைத் தந்தையிடம் மாற்ற வேண்டும் என்பதல்ல. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. பெண் பிறந்தது பழி சொல்லும் காரியமும் இல்லை.

மனித ஆணும் பெண்ணும் உண்மையில் பெரிதும் வேறுபடுவது பாதியாக்கும் வேலையின் நேரத்தில்தான். ஆணுக்கு அது பருவம் வந்தபின் தொடங்கி முதுமை வரை ஓயாமல் நடக்கும் தொழிற்சாலை. ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகும், நொடிக்கு ஆயிரத்துக்கும் மேலாக வந்துகொண்டே இருக்கும். பெண்ணுக்கு அந்த வேலை அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அவளுடைய சூலகங்களில் அறுபது, எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். அவற்றில் குரோமோசோம்கள் இணை தேடிப் பொருந்தி, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அந்த இடத்தில் வேலை நின்றுவிடுகிறது. முடிச்சுப் போட்ட நிலையில், பிரியாமல், அப்படியே நிற்கும்.

நம் ஒவ்வொருவரையும் உண்டாக்கிய முட்டை, நம் அம்மா ஆயாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகி, அந்த முடிச்சோடு காத்திருந்தது. ஆயாவின் வயிற்றில் நிகழ்ந்த பரிமாற்றத்தைத்தான் நாம் உடம்பில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

காத்திருப்புக்கு விலை உண்டு. குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் புரத வளையங்கள் அந்த ஆண்டுகளில் புதுப்பிக்கப்படுவதில்லை என்றே தெரிகிறது. இருபது ஆண்டுகள் தாங்கும், நாற்பது ஆண்டுகளில் சில அவிழும். அப்போது ஜோடி சரியாகப் பிரியாமல் ஒரு முட்டைக்கு இரண்டு பிரதிகளும் போய்ச் சேரலாம். இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே டவுன் நோய்க்குறிக்குக் காரணம் என்று 1959-ல் பாரிஸில் ஜெரோம் லெழூன் குழு காட்டியது. இருபத்தைந்து வயதுத் தாய்க்கு ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவாக இருக்கும் வாய்ப்பு, நாற்பது வயதில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு ஏறுகிறது. இதிலும் தாய் செய்த தவறு என்று எதுவும் இல்லை. அந்த வளையங்கள் கட்டப்பட்டபோது அவள் பிறக்கவே இல்லை.

இன்று இரவு செங்கல்பட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தால், அவளுடைய சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைச் செல்கள் மிஞ்சியிருக்கும். பருவம் வரும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறையும். அவற்றில் நானூறோ ஐந்நூறோ மட்டும், மாதத்துக்கு ஒன்றாக, நின்ற இடத்திலிருந்து வேலையைத் தொடரும். அப்போதும் முழுதாக முடியாது. இரண்டாவது பிரிவின் நடுவில் மறுபடி நிற்கும். விந்தணு ஒன்று உள்ளே நுழைந்தால் மட்டுமே, 2050-களில் ஏதோ ஒரு நாளில், கடைசிப் பாதியைப் பிரித்துத் துருவ அணுவாக வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சிய இருபத்துமூன்றோடு வந்த இருபத்துமூன்றைச் சேர்த்துக்கொள்ளும்.